வடமேற்குக் கரையின் கதை – 14: அரிப்பில் ஒரு பிரபுவின் மாளிகை

கற்பிட்டிக் கோட்டையோடு சென்ற இதழை முடித்தோம். 1667இல் தொடங்கி 1676இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த அந்தக் கோட்டை இன்றும் சுவர் குலையாமல் நிற்கிறது. அதற்குப் பவளப் பாறைக் கல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அங்கே ஆள் இருந்தது. ஒல்லாந்தர் போகப் பிரித்தானியர் வந்தார்கள். இன்று கடற்படை இருக்கிறது. கூரை ஒழுகினால் பார்க்க ஒருவர், கதவு உக்கினால் மாற்ற ஒருவர். இந்த இதழில் நாம் பார்க்கப்போவது அப்படி ஒருவரும் இல்லாமற்போன ஒரு வீட்டை.

அது நமது புத்தளம் மாவட்டத்தில் இல்லை. வடக்கே, வில்பத்துக் காட்டுக்கு அப்பால், மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையில் கடலை ஒட்டிய ஒரு மேட்டில் இருக்கிறது. கற்பிட்டியில் தோணி ஏறினால் ஒரே கரை, ஒரே கடல். தரைவழி என்றால் வேறு கதை. எழுவன்குளம் வழியாகக் காட்டை ஊடறுக்கும் பாதை, திறப்பதா மூடுவதா என்று நீதிமன்றம் வரை போன பாதை. அதை விட்டால் அனுராதபுரம், மதவாச்சி என்று நாட்டின் நடுப்பகுதியைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். ஆயினும் நுரைச்சோலையிலும் ஆலங்குடாவிலும் பாலாவியிலும் இந்தத் தொடரை வாசிப்பவர்களில் பலருக்கு அந்த மேட்டை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலி மக்களும் கையில் அகப்பட்டதோடு இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நமது மணலில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களின் வாப்பாமார் ‘அல்லி ராணி கோட்டை’ என்று சொல்லிக் கேட்டிருப்பார்கள். அதே கட்டடம்தான். ஆங்கிலேயரின் ஏடுகளில் அதன் பெயர் ‘டொரிக்’.

கட்டியவர் பிரெட்ரிக் நோர்த், இலங்கையின் முதல் பிரித்தானியத் தேசாதிபதி. 1798 ஒக்டோபரில் வந்தார், 1805 ஜூலையில் போனார். அவருடைய தகப்பனார் நோர்த் பிரபு 1770 முதல் 1782 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்தவர். அமெரிக்கக் குடியேற்றங்கள் கைவிட்டுப் போனது அவருடைய காலத்தில். தகப்பன் ஒரு சாம்ராச்சியத்தின் பாதியைத் தொலைத்தார், மகன் ஒரு தீவை ஆள வந்தார் என்று கொழும்பில் அன்றைக்கு யாராவது முணுமுணுத்திருந்தால் அதில் வியப்பில்லை.

மகனின் மனம் இலங்கையிலும் இல்லை, இங்கிலாந்திலும் இல்லை, கிரேக்கத்தில் இருந்தது. 1791இல் கோர்பு தீவில் கிரேக்கத் திருச்சபைக்கு மதம் மாறியவர் அவர். ஆங்கிலப் பிரபு குடும்பத்தில் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். இலங்கையை விட்டுப் போன பிறகு, 1817இல் கில்ஃபோர்ட் பிரபு பட்டம் அவருக்கு வந்தது. 1824இல் அதே கோர்புவில் அயோனியன் அக்கடமி என்ற பல்கலைக்கழகத்தைத் திறந்தார். அங்கே பழங்கிரேக்கர் உடை தரித்துக்கொண்டு உலாவினார் என்று ஆங்கிலேயர் சிரித்தார்கள். 1827இல் இறந்தார். இந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், முத்துக் குளிக்கிற கரையில் ஏன் ஒரு கிரேக்கக் கோயிலின் சாயலில் வீடு எழுந்தது என்ற கேள்விக்கு வேறு விடை தேட வேண்டியதில்லை. வீட்டின் வரைபடமும் அவருடையதே என்று சொல்லப்படுகிறது.

டொரிக் என்பது கிரேக்கத் தூண் வகைகளில் மிகப் பழையது, மிக எளியது. தடித்த தூண், மேலே தட்டையான தலை, பூ வேலை கிடையாது. ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் இந்த வகையைச் சேர்ந்தது. அங்கே பளிங்கு வெட்டி எடுத்தார்கள். அரிப்பில் பளிங்குக்கு எங்கே போவது? செங்கல்லால் தூணை எழுப்பி, அதன்மேல் சுண்ணச்சாந்து பூசினார்கள். சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்த வீட்டின் முழுக் கதையும் இருக்கிறது. முத்தை எடுத்துக்கொண்டு வீசிய சிப்பி ஓடுகள் அந்தக் கரையில் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. அவற்றைச் சுட்டு, நீற்றி, சலித்து, குழைத்துப் பூசி, மேலே வழுவழுவென்று தேய்த்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பளிங்கு போலவே இருந்ததாம்.

1801இல் தொடங்கி 1804இல் வேலை முடிந்தது. அந்த இடைவெளியில் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1802இல் இலங்கை கிழக்கிந்தியக் கம்பனியின் பிடியிலிருந்து நீங்கி நேரடியாக முடியின் குடியேற்றமானது. 1803இல் நோர்த் கண்டிமேல் படை அனுப்பினார். கண்டி நகரம் வெறுமையாக அவர்கள் கையில் விழுந்தது. பின்பு மழையும் காய்ச்சலும் பட்டினியும் வந்தன. ஜூனில் மேஜர் டேவியின் படைப்பிரிவு சரணடைந்து, வெட்டுப்பட்டு அழிந்தது. டேவி கைதியாகவே செத்தார். அந்தத் தோல்வியின் செய்தி கொழும்புக்கு வந்த நாட்களிலும் அரிப்பில் கொத்தனார்கள் தூண்களைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டு இருந்திருப்பார்கள். நோர்த்தைப் பற்றி நல்லது சொல்ல நிறைய உண்டு: மூடிக்கிடந்த பள்ளிகளைத் திறந்தார், நிலச் சீர்திருத்தம் செய்யப் பார்த்தார். ஆனாலும் இந்த ஒரு காட்சியில் அவருடைய குணம் முழுவதும் தெரிகிறது என்பது என் எண்ணம். அவருக்குத் திட்டம் போடத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியாது.

அந்த வீட்டைக் கண்ணால் கண்டு எழுதியவர் ஜேம்ஸ் கோர்டினர். நோர்த்தின் கீழ் கொழும்பில் படைக் குருவாகவும் பள்ளிகளின் மேற்பார்வையாளராகவும் இருந்தவர். 1807இல் இலங்கை பற்றி இரண்டு தொகுதிகளில் நூல் வெளியிட்டார். தீவிலேயே அழகான கட்டடம் இதுதான், ஒழுங்கான கட்டடக்கலை முறைப்படி எழுந்ததும் கிட்டத்தட்ட இது ஒன்றுதான் என்பது அவருடைய தீர்ப்பு. பொலன்னறுவையையும் அனுராதபுரத்தையும் அறியாத மனிதரின் தீர்ப்பு என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. என்றாலும் அவர் தரும் விவரம் பயனுள்ளது. கீழே சிறிய படுக்கையறைகள், மேலே அளவான பெரிய அறைகள், அதற்கும் மேலே மொட்டைமாடி. பிரபு வீடு என்று சொல்கிறோமே தவிர, குடும்பம் நடத்தக் கட்டிய வீடல்ல அது. நோர்த் மணம் செய்யாதவர். மொட்டைமாடியில் நின்று மேற்கே முத்துப் படகுகள் போவதையும் வருவதையும் பார்ப்பதற்காகவே எழுப்பிய வீடு. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஆள் இருப்பதற்கானது.

ஏன் சில வாரங்கள்? இந்தக் கரையின் காற்றைத் தெரிந்தவர்களுக்கு அது புரியும். வாடை ஓய்ந்து சோழகம் எழும்புவதற்கு முன், மாசி பங்குனியில், மன்னார் வளைகுடா குளத்துத் தண்ணீர்போல் கிடக்கும். அப்போதுதான் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு. சலாபம் கூடும் என்று அரசு அறிவித்தால் வெறும் மணல்வெளியில் ஒரு நகரம் முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளியாளிகள்; பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுகள்; நாட்டுக்கோட்டைச் செட்டிமார், பம்பாய் வியாபாரிகள், தட்டார்கள், மந்திரவாதிகள், பிச்சைக்காரர்கள், திருடர்கள். கிடுகுக் கொட்டில்கள், கடைத்தெரு, பள்ளிவாசல், கோயில், காவல் நிலையம், மருத்துவமனை. இரண்டு மாதத்தில் அத்தனையும் மறைந்துவிடும்.

நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் பார்களுக்குப் போகும். கடலுக்கடியில் உள்ள பாறை மேடுகளை நம் ஆட்கள் ‘பார்’ என்கிறார்கள்: பெரியபார், சீவல்பார், மோதரகம்பார். காலில் கல்லைக் கட்டிய குளியாளி ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்குவான். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் கையில் பட்ட சிப்பிகளைக் கூடைக்குள் அள்ளவேண்டும். மேலே படகில் நிற்கும் மண்டாள் கயிற்றை இழுப்பான். சுறா வாயைக் கட்டுவதற்குக் ‘கடல்கட்டி’ என்று ஒரு மந்திரவாதி இருந்தார். அவர் மந்திரம் சொல்லாமல் எவனும் தண்ணீரில் இறங்கமாட்டான். எனவே அரசாங்கமும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது! பரம்பரையாக அந்தத் தொழிலைச் செய்த குடும்பத்தின் தலைவர் தம் காலத்தில் ஒரு கத்தோலிக்கர் என்று பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். சுறாவுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்திருக்காது.

பிற்பகலில் படகுகள் திரும்பும். வேலி அடைத்த கொட்டுக்குள் சிப்பிகளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். பிற்காலத்து வழக்கப்படி இரண்டு பங்கு அரசுக்கு, ஒன்று குளியாளிக்கு. அரசின் பங்கை அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவன் உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் வாங்குவான். சிப்பியைத் திறந்து பார்ப்பதில்லை. குவித்து அழுக விடுவார்கள். புழு தின்று முடித்ததும் கழுவிச் சலித்தால் முத்து அடியில் தங்கும். அழுகிய நாற்றமும் ஈயும் பல மைலுக்கு வீசும். அந்தப் பளிங்கு போன்ற தூண்களுக்கிடையில் நின்று தேசாதிபதி கடற்காற்று வாங்கினார் என்று படிக்கும்போது இந்த நாற்றத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். 1863இல் பாரிசில் அரங்கேறிய பிஸேயின் ‘முத்துக் குளிப்போர்’ இசைநாடகம் இலங்கைக் கரையில் நடப்பதாகக் கற்பனை செய்தது. அதில் காதலும் சபதமும் உண்டு, ஈ கிடையாது.

நோர்த்தின் கணக்கு பிழைத்த இடம் கடலுக்குள் இருந்தது. ஒல்லாந்தரிடமிருந்து இந்தக் கரையைப் பிடித்த பிரித்தானியர் 1796, 1797, 1798 என்று மூன்று ஆண்டும் விடாமல் சலாபம் கூட்டினார்கள். பணம் கொட்டியது. அந்த வருமானத்தைப் பார்த்தவருக்கு இது ஆண்டுதோறும் விளையும் வயல் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் முத்துச் சிப்பிக்கு ஐந்தாறு ஆண்டுதான் ஆயுள். முற்றும் முன்னே வாரினால் முத்து இராது; முற்றிய பின் விட்டால் செத்துப்போகும். நீரோட்டம் மாறினாலும் பார்மேல் மணல் மூடினாலும் ஒரு தலைமுறைச் சிப்பி முழுதாக இல்லாமற்போகும். மூன்றாண்டு வாரி எடுத்ததில் பார்கள் இளைத்துப் போயின. கடல் தன் கையை மூடிக்கொண்ட நேரத்தில் நோர்த் அதன் கரையில் மாளிகை எழுப்பிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின் வந்த தேசாதிபதிகளுக்குக் கிரேக்கத்தில் காதல் இல்லை. சலாபம் கூடிய ஆண்டுகளில் அதிகாரிகள் வந்து தங்கினார்கள், கூடாத ஆண்டுகளில் வௌவால் தங்கியது. 1837க்குப் பிறகு 1855 வரை சலாபமே இல்லை. 1891க்கும் 1903க்கும் இடையிலும் அப்படியே. அந்த இடைவெளியின் கடைசியில் விஞ்ஞானி ஹேர்ட்மன் வந்து பார்களை ஆராய்ந்து ஐந்து தொகுதி அறிக்கை எழுதினார். 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்து, அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வந்தது. அதுதான் விளக்கு அணையுமுன் எரிந்த சுடர். அடுத்த ஆண்டு மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் கொட்டுக்குப் பொறுப்பாக இருந்த இளம் அதிகாரி லெனாட் வூல்ப். பின்னாளில் வர்ஜீனியா வூல்பின் கணவர். அந்த அனுபவத்தை ஒரு சிறுகதையாக்கினார். 1906இல் ஒரு தனியார் கம்பனி இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. ஓரிரு ஆண்டில் சிப்பி இல்லை, கம்பனியும் நொடித்தது. முகாம் நகர்ந்து நகர்ந்து மறிச்சுக்கட்டிப் பக்கம் போய்விட்டிருந்ததால், இந்தக் கடைசிக் கூத்தில்கூட நோர்த்தின் வீட்டுக்குப் பாத்திரம் இல்லை.

இதே நோர்த்துக்குப் பின் வந்த தோமஸ் மெயிட்லண்ட் கொழும்புக்குத் தெற்கே ஒரு கடலோர மேட்டில் 1806இல் வீடு கட்டத் தொடங்கினார். அதுவும் ஒரு தேசாதிபதியின் ஆசைதான், அதுவும் அரசுப் பணம்தான். எட்வர்ட் பார்ன்ஸ் அதைப் பெருப்பித்தார். 1842இல் அரசு அதை விற்றுத் தலைமுழுகியது. 1877இல் ரயில் பாதை வந்தபின் விடுதியானது. கல்கிசை மவுண்ட் லவினியா ஹோட்டல் என்று இன்று எல்லாரும் அறிவது அதைத்தான். அரிப்பு வீடு ஒன்றும் அதைவிட மோசமாகக் கட்டப்பட்டதல்ல. கல்கிசைக்கு ரயில் வந்தது, விருந்தாளி வந்தான், கல்யாணம் நடந்தது. அரிப்புக்கு முத்து மட்டும்தான் ஆளைக் கூட்டி வந்தது. அது நின்றதும் பாதையும் நின்றது.

ஆங்கிலேயர் மறந்த வீட்டை ஊரார் எடுத்துக்கொண்டார்கள். அல்லி அரசாணி மாலை என்ற அம்மானைக் கதையைப் புகழேந்திப் புலவர் பெயரில் மலிவு அச்சில் போட்டு நாடெல்லாம் விற்றார்கள். ஆண்வாடை அறியாமல் ஆண்ட பாண்டிய அரசி, அருச்சுனன் வேடம் மாறி வந்து அவளை அடைந்த கதை. இந்தக் கரையில் அந்த அல்லிக்கு மதுரை அல்ல தலைநகர், வில்பத்துக் கடலோரத்துக் குதிரைமலை. முத்தைக் கொடுத்து அரபுகளிடம் குதிரை வாங்கினாள் என்பது கதை. சிவந்த மண்மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையைப் பிளினி எழுதிய ‘ஹிப்பூரோஸ்’ துறைமுகம் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். கிளாடியஸ் மன்னன் காலத்தில் ரோமானிய வரிக் குத்தகைக்காரன் ஒருவனின் ஆள் காற்றில் அடிபட்டு வந்து சேர்ந்த இடம் அது.

அரிப்பு வீட்டை அல்லியின் கோட்டை என்பது வரலாற்றின்படி தவறு, அதில் வாதமில்லை. சில சுற்றுலா ஏடுகள் அதை ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையானது என்று எழுதுவதை நிறுத்தவேண்டும். ஆனால் அதைக் கேட்டுச் சிரிக்கிற கொழும்புக் கனவான்களோடும் நான் சேரமாட்டேன். முத்து யாருடையதோ வீடும் அவருடையது என்று ஊர் தீர்மானித்தது. இறங்கிக் குளித்தவர்களின் கதையில் முத்துக்கு உடைமைக்காரி அல்லிதான். லண்டனிலிருந்து ஏழு ஆண்டுக்கு வந்துபோன ஒருவர் அல்ல. தகவல் பலகை ஒன்று வைக்கும் நாள் வந்தால் இரண்டு பெயரும் அதில் இருக்கவேண்டும். ஒன்றை அழித்து மற்றதை எழுதினால் கட்டடத்தின் பாதி வரலாறு போய்விடும்.

வீட்டுக்கு வடக்கே அரிப்பிலேயே ஒரு பழைய சிறு கோட்டையும் உண்டு. போர்த்துக்கீசர் தொடக்கியது, ஒல்லாந்தர் கையில் இருந்தது. கண்டியரசில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைப்பட்டுக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் தோழர் ஒருவரோடு அருவியாற்றுப் படுகை வழியே தப்பி வந்து சேர்ந்தது அந்தக் கோட்டைக்குத்தான். அதைத் தனியாக ஓர் இதழில் பார்க்கவேண்டும்.

இன்றைக்கு டொரிக்கில் கூரை இல்லை, மாடி இல்லை. செங்கல் வெளித்தெரியும் சில சுவர்த் துண்டுகளும் தூண் துண்டுகளும் மட்டும் நிற்கின்றன. ஒரு காலத்தில் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் இருந்த நிலத்தைச் சோழகத்து அலை ஆண்டுதோறும் அடியில் குடைந்து தின்றிருக்கிறது. மேடு மண்ணாலானது, அடி போனால் மேல் சரியும், சரிந்ததோடு சுவரும் கடலுக்குள் போகும். போர்க்காலம் முழுவதும் அங்கே ஒருவரும் கிட்ட முடியவில்லை. 2007 செப்டெம்பரில் படையினர் சிலாவத்துறையைப் பிடித்தார்கள். அதன்பிறகும் ஊரார் திரும்பி வர ஆண்டுகள் பிடித்தன.

சட்டத்தின் பக்கத்தில் குறை சொல்ல முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். அதற்கு முந்திய கட்டடம் பழஞ்சின்னம். நோர்த்தின் வீடு அந்த எல்லையைப் பத்து ஆண்டுக்கு முன்பே தாண்டிவிட்டது. சட்டம் கல்லைத் திருடுபவனைத் தடுக்கும், அலையைத் தடுக்காது.

அலையைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டினால் போதாதா என்று கேட்பார்கள். நுரைச்சோலைக் கரையில் குடியிருப்பவர்களுக்கு இதற்கான பதில் தெரியும்: ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் கடல் பக்கத்து வளவைத் தின்னும். எனவே கல் போடுவதென்றால் மேட்டின் நீளம் முழுவதற்கும் மணல் ஓட்டத்தை அளந்து போடவேண்டும், அரிப்பு மீனவர்கள் தோணி ஏற்றும் இடத்தைக் கேட்டுவிட்டுப் போடவேண்டும். இரண்டாவது, சுவருக்குச் சீமெந்து கூடாது. உப்பேறிய பழஞ்செங்கல் சுண்ணாம்பின் வழியே மூச்சுவிடும்; சீமெந்து அதை அடைத்துவிட்டால் உப்பு உள்ளுக்குள்ளே படிகமாகிக் கல்லை உடைக்கும். சிப்பி சுட்ட சுண்ணாம்பு வேண்டும், சுடத் தெரிந்த கை வேண்டும். முழுக் கட்டடத்தையும் திரும்பக் கட்டி மினுக்குகிற யோசனைக்கு நான் எதிரி. நிற்பதை நிற்க வைத்தால் போதும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் பணம் தேவையில்லை. 1990க்கு முன் அந்த மேட்டில் விளையாடிய, ஆடு மேய்த்த, பெருநாளுக்குப் போய் உட்கார்ந்த மனிதர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. எத்தனை தூண் தலையோடு நின்றது, மாடிப் படி எந்தப் பக்கம் மிஞ்சியிருந்தது, சுவருக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை அடி நிலம் கிடந்தது என்று அவர்களுக்கு நினைவிருக்கும். படங்கள் பெரும்பாலும் விட்டுவந்த வீடுகளோடு போயின. ஆனால் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினர் கையில் ஒன்றிரண்டு இருக்கலாம். பின்னால் அந்தச் சுவர் தெரிகிற ஒரு குடும்பப் படம் போதும். வாசகர்கள் தங்கள் பெரியவர்களிடம் கேட்டு, ஆண்டையும் இடத்தையும் குறித்து, இந்த இதழ் முகவரிக்கு எழுதுங்கள். கிடைப்பதை ஒரு படமாக வரைந்து அடுத்த மாதம் போடுகிறோம். குதிரைமலைக்குப் போவது அதன் பிறகு.

(தொடரும்)